குளிர்கடல் பூஞ்சையில் மருந்து தேடல்: வடசென்னையில் கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளைச் சேர்ந்த கல்லூரி மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்பவர்களும் இந்த ஆய்வைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. கடல் பூஞ்சைகளை வளர்த்து, அவை சுரக்கும் பொருள்களைப் பிரித்தெடுத்துச் சோதிப்பது என் வேலை. சில கேள்விகளுக்கு ஓரிரு வரிகள் போதும். சிலவற்றுக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடிகிறது.

கடலில் பூஞ்சை இருக்கிறதா? உப்பு அதைக் கொன்றுவிடாதா?

இருக்கிறது. மிதந்து வரும் மரத்துண்டு, கடற்பாசி, கடற்பஞ்சு, நண்டின் ஓடு, கடலடிச் சேறு, துருவக் கடலின் பனிக்கட்டி என எங்கும் இருக்கிறது. ஊறுகாய் மேலேயே பூஞ்சை படர்வதைப் பார்த்தவர்கள் உப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூஞ்சை இனங்கள் சுமார் ஒன்றரை லட்சம். அவற்றில் கடலுக்குரியவை இரண்டாயிரம் அளவுதான். கடலில் பூஞ்சை குறைவு என்று இதற்குப் பொருளில்லை. தேடியவர்கள் குறைவு. 2017-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் மொத்தம் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை பூஞ்சை இனங்கள் இருக்கலாம்.

பூஞ்சை ஏன் மருந்தைச் செய்கிறது?

நமக்காகச் செய்யவில்லை. பூஞ்சைக்கு வாய் கிடையாது. உணவின் மேல் படர்ந்து, செரிக்கவைக்கும் நொதிகளை வெளியே கொட்டி, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்கிறது. அப்படிக் கரைந்த உணவைப் பக்கத்திலிருக்கும் பாக்டீரியா திருடிக்கொள்ளும். ஓடவோ துரத்தவோ முடியாத உயிர், வேதிப்பொருளால்தான் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பென்சிலின் அத்தகைய ஒன்று. படர்தாமரைக்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் கிரிசியோஃபுல்வின் மாத்திரை பூஞ்சையிலிருந்து வந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்களில் முதலாவதாக 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினும் பூஞ்சை தந்ததே.

கடல் பூஞ்சையிலிருந்து உண்மையிலேயே ஏதாவது மருந்து வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய் வந்த குடும்பங்களில் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரிந்திருக்கும். டைபாய்டுக்கும் கடுமையான நிமோனியாவுக்கும் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, குழந்தைகளுக்குக் கொடுக்கும் செஃபிக்சிம் மருந்து, செஃபலெக்சின் மாத்திரை எல்லாம் செஃபலோஸ்போரின் என்ற ஒரே குடும்பம்.

அந்தக் குடும்பத்தின் மூலம் இத்தாலியின் சார்டீனியாத் தீவிலுள்ள காக்லியாரி என்ற துறைமுக நகரம். 1945-இல் கியுசெப்பே ப்ரோட்சு என்ற மருத்துவப் பேராசிரியர் அங்கே நகரின் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் நீரெடுத்தார். அவ்வளவு கழிவு விழுந்தும் கடல் எப்படித் தன்னைத் தூய்மையாக்கிக்கொள்கிறது, நோய்க்கிருமிகளை அங்கே எது அடக்குகிறது என்பது அவருடைய கேள்வி. நீரிலிருந்து வளர்ந்த ஒரு பூஞ்சை, டைபாய்டுக் கிருமியைத் தடுத்தது. 1948-இல் அதை அவர் வெளியிட்டார். பிறகு பூஞ்சையை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். அங்கே எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்ற பொருளைப் பிரித்தார்கள். முதல் மருந்து விற்பனைக்கு வந்தது 1964-இல். கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் இடையே ஏறத்தாழ 20 ஆண்டுகள். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

அது வெதுவெதுப்பான மத்திய தரைக்கடல். குளிர்கடலிலிருந்து?

குளிர்கடல் பூஞ்சையிலிருந்து பிறந்து அங்கீகாரம் பெற்ற மருந்து இன்னும் ஒன்றுகூட இல்லை. இதை மறைத்து ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது தவறு. அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் குளிர்நிலத்திலிருந்து வந்த ஒரு மருந்து இருக்கிறது. நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் 1969-இல் எடுத்த மண்ணிலிருந்த பூஞ்சை தந்தது சைக்ளோஸ்போரின். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின், புதிய சிறுநீரகத்தையோ கல்லீரலையோ உடல் நிராகரிக்காமல் இருக்க அதுதான் பல ஆண்டுகள் முதன்மை மருந்தாக இருந்தது. கடலைப் பொறுத்தவரை வாக்குறுதி தரும் பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. பால்டிக் கடலின் கீல் வளைகுடாவில் எடுத்த கடற்பஞ்சிலிருந்தும் அண்டார்டிகாவிலிருந்தும் கிடைத்த பூஞ்சைகளில் லிண்ட்கோமைசின் என்ற பாக்டீரியா எதிர்ப்புப் பொருளை ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2015-இல் விவரித்தார்கள். நார்வேயின் ட்ரோம்சோ நகரிலும் ஆர்க்டிக் கடல் பூஞ்சைகளில் தொடர்ந்து தேடுகிறார்கள்.

குளிரில் அப்படி என்ன விசேஷம்?

கடல் நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறைகிறது. அந்த நீரில் வாழும் பூஞ்சைக்கு உயிரணுவின் சவ்வே விறைத்துப்போகும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்க சவ்வின் கொழுப்பை அது மாற்றியமைக்கிறது, உறைவைத் தடுக்கும் சர்க்கரைகளைச் சேர்த்துவைக்கிறது, குளிரிலும் வேலை செய்யும் நொதிகளைச் செய்கிறது. உணவு அரிதான இடத்தில் போட்டியும் வேறு மாதிரி நடக்கிறது. இப்படி வேறு வழியில் போன உயிர், வேறு வகை வேதிப்பொருளையும் வைத்திருக்கக்கூடும் என்பதுதான் எங்கள் எதிர்பார்ப்பு. அது எதிர்பார்ப்புதான். ஒவ்வொரு பூஞ்சையிலும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும்.

தேவை என்னவோ அவசரமானது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. டெர்பினாஃபின் மாத்திரைக்கு மசியாத படர்தாமரை இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. வியர்வையும் நெரிசலும் மிகுந்த நம் தெருக்களில் ஒரு வீட்டில் வந்தால் எல்லோருக்கும் வருகிறது. பூஞ்சையைக் கொல்லும் மருந்தையும் பூஞ்சையிடமே தேட வேண்டிய நிலை.

சென்னைக் கடல் எப்போதும் சூடு. இங்கே உட்கார்ந்துகொண்டு குளிர்கடலுக்கு எங்கே போவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிகவும் ஆசையோடு பதில் சொல்வேன். நம் கடல் மேலே மட்டும்தான் சூடு. காசிமேட்டுப் படகு மிதக்கும் மேற்பரப்பு 28 டிகிரி என்றால், கீழே போகப் போக வெப்பம் மளமளவென்று குறைகிறது. 500 மீட்டரில் சுமார் 10 டிகிரி, 1,000 மீட்டரில் 6 அல்லது 7, 3,000 மீட்டரில் 2 டிகிரி அளவுக்கு வந்துவிடும். துருவப் பகுதிகளில் மூழ்கிய கனத்த குளிர்நீர்தான் கடலடியில் மெதுவாக நகர்ந்து வங்காள விரிகுடாவின் தரை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் குளிர்நீரைச் சென்னை ஏற்கெனவே பயன்படுத்திப் பார்த்திருக்கிறது. 2007-இல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் சென்னைக் கரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஒரு மிதவையை நிறுத்தியது. நீளமான குழாயில் ஆழத்திலிருந்து குளிர்நீரை ஏற்றி, மேற்பரப்பின் சூடான நீருக்கும் அதற்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் குடிநீர் செய்து காட்டியது. குடிநீருக்காகக் குழாய் போட்ட அதே ஆழத்தில்தான் எங்கள் பூஞ்சைகளும் இருக்கின்றன.

இந்தியர்கள் இதில் புதியவர்களும் அல்ல. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த சந்திரலதா ரகுகுமார் குழுவினர் இந்தியப் பெருங்கடலின் ஆழத்துப் பூஞ்சைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சாகோஸ் அகழியில், 5,900 மீட்டர் ஆழத்துச் சேற்றைக் குழாயால் துளைத்து எடுத்து, 1.8 லட்சம் முதல் 4.3 லட்சம் ஆண்டுகள் பழமையான அடுக்குகளிலிருந்து உயிருள்ள பூஞ்சையை வளர்த்துக் காட்டி 2004-இல் வெளியிட்டார்கள். 2021-இல் ஒப்புதல் பெற்ற, 4,077 கோடி ரூபாய் மதிப்பிலான ஆழ்கடல் திட்டத்தில் ஆழ்கடல் உயிர்களைத் தேடுவதும் ஒரு பகுதி. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 கலம் பள்ளிக்கரணையில்தான் உருவாகிறது.

துருவத்துக்கே போகவும் வழி உண்டு. ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி, அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என இந்திய ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. ஹிமாத்ரிக்கு அருகே கடலில் 2014-இல் நிறுத்திய அளவீட்டுக் கருவித் தொகுப்பை உருவாக்குவதில் சென்னைப் பொறியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

காசிமேட்டில் ஐஸ் பெட்டியில் வைத்த மீனின் மேல் வளர்வதும் குளிர்ப்பூஞ்சைதானே?

இல்லை. குளிரைப் பொறுத்துக்கொள்வது வேறு, குளிரை விரும்புவது வேறு. 15 டிகிரி அல்லது அதற்குக் கீழே நன்றாக வளர்ந்து, 20 டிகிரிக்கு மேல் வளரவே முடியாமல் போவதுதான் உண்மையான குளிர்விரும்பி. ஐஸ் பெட்டியிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வருவது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும் வகை. வெளியே வைத்தால் இன்னும் வேகமாக வளரும்.

எப்படி எடுக்கிறீர்கள், எப்படி வளர்க்கிறீர்கள்?

கப்பலிலிருந்து இறக்கும் குழாய்க் கருவி கடலடிச் சேற்றை அடுக்கு கலையாமல் தூக்கி வருகிறது. குழாயின் சுவரைத் தொட்ட வெளிப்பகுதியை ஒதுக்கிவிட்டு, நடுவிலுள்ள சேற்றை மட்டும் எடுக்க வேண்டும். காற்றிலேயே பூஞ்சை வித்துகள் மிதக்கின்றன. கப்பல் தளத்திலும் ஆய்வாளரின் சட்டையிலும் இருக்கின்றன. அதனால் பக்கத்திலேயே ஒரு வெற்றுத் தட்டைத் திறந்து வைப்போம். அதில் வளர்வது சேற்றுத் தட்டிலும் வளர்ந்தால், அந்தப் பூஞ்சையை நம்ப மாட்டோம்.

பிறகு கடல்நீர் கலந்த அகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) தட்டில் சேற்றைத் தூவுகிறோம். பாக்டீரியா முந்திக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் ஆன்டிபயாடிக் சேர்க்கிறோம். இனி வருவதுதான் பலர் தவறவிடும் இடம். தட்டை அறை வெப்பத்தில் வைத்தால் மூன்றே நாளில் பசுமையாக ஏதாவது வளர்ந்துவிடும். அது பெரும்பாலும் நிலத்திலிருந்து அடித்துவரப்பட்டு ஆழத்தில் உறங்கிக் கிடந்த சாதாரண ஆஸ்பர்ஜில்லஸ் அல்லது பெனிசிலியம். நாம் தேடும் பூஞ்சையோ 4 டிகிரியிலும் 10 டிகிரியிலும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு மெல்ல வெளிவரும். அதுவரை வேகமாக வளர்பவற்றை அகற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும். சென்னையில் கோடை மின்வெட்டில் குளிர்ப்பெட்டி நின்றால் அந்த மாதங்கள் அத்தனையும் போய்விடும். அதனால் எங்களுக்கு ஜெனரேட்டர் நுண்ணோக்கியைப் போலவே முக்கியமான கருவி.

ஆழ்கடலிலிருந்து வளர்ந்தது எல்லாம் ஆழ்கடலில் வாழ்வது ஆகிவிடாது. 3,000 மீட்டரில் நீரின் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் சுமார் 300 மடங்கு. அந்த அழுத்தத்திலும் குளிரிலும் வித்து முளைக்கிறதா என்று உயரழுத்தக் கலத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஓரளவு நிச்சயம் கிடைக்கும்.

பூஞ்சை கிடைத்தபின் மருந்து எவ்வளவு தூரம்?

வெகு தூரம். பூஞ்சையை வளர்த்த குழம்பிலிருந்து எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பானால் சாறு எடுக்கிறோம். அந்தச் சாறு ஒரு கிருமியைத் தடுத்தால் ஆய்வுக்கூடமே மகிழும். ஆனால் அப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும். தடுத்தது எது? அது ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்ததா? நிறை நிறமாலைமானியில் மூலக்கூறின் எடையையும் அது உடையும் விதத்தையும் அளந்து, உலகெங்கும் சேர்த்துவைத்த பட்டியல்களோடு ஒப்பிடுகிறோம். பெரும்பாலான நாள்களில் விடை ஒன்றுதான்: பழைய பொருள், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பெயரிட்டது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த சாற்றுக்குப் போக வேண்டும். என் கருத்தில் இந்த விலக்கும் வேலையைப் பொறுமையாகச் செய்பவரே இந்தத் துறைக்கு வேண்டியவர். புதிய பூஞ்சையைக் கண்டவருக்குக் கிடைக்கும் கைதட்டல் இவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் இவர் இல்லையென்றால் பத்தாண்டு உழைப்பு தெரிந்த பொருளின் மேல் வீணாகும்.

பொருள் புதியது என்றாலும், மனித உயிரணுவுக்கு நஞ்சா என்று பார்க்க வேண்டும். கிருமியைக் கொல்லும் பல பொருள்கள் நம்மையும் கொல்லும். பிறகு விலங்குச் சோதனை, மனிதச் சோதனை, அனுமதி. எல்லாம் சரியாக நடந்தாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும்.

ஆய்வுக்கூடத்தில் பூஞ்சை எதையும் சுரக்காமல் சும்மா இருந்தால்?

அடிக்கடி நடக்கிறது. பூஞ்சையின் மரபணுக்களைப் படித்தால் பத்து, இருபது பொருள்களைச் செய்யும் வசதி தெரியும். தட்டில் இரண்டோ மூன்றோதான் வரும். எதிரியும் இல்லை, பசியும் இல்லை என்றால் அது ஏன் செலவு செய்ய வேண்டும்? எனவே அதன் சூழலை மாற்றிப் பார்க்கிறோம்: உப்பைக் கூட்டுவது, உணவைக் குறைப்பது, வெப்பத்தை இறக்குவது, பக்கத்தில் ஒரு பாக்டீரியாவை விடுவது. 2001-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கடல் பூஞ்சையை ஒரு கடல் பாக்டீரியாவோடு சேர்த்து வளர்த்தபோது மட்டும் பெஸ்டலோன் என்ற வலிமையான ஆன்டிபயாடிக் வந்தது. தனியாக வளர்த்தபோது வரவில்லை. குளிர்ப்பூஞ்சையை 25 டிகிரியில் வளர்த்துவிட்டு "இதில் ஒன்றுமில்லை" என்று எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அது வாழ்ந்த இடத்தை அதற்குத் திருப்பித் தராமல் அதன் வேதியியலை எப்படி அறிவது?

கடற்பஞ்சிலிருந்தும் மருந்து வருகிறதே, பூஞ்சை எதற்கு?

அளவுதான் காரணம். மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலின் மருந்துக்கு மூலமான ஹாலிகோண்ட்ரின் பி என்ற பொருளுக்காக நியூசிலாந்துக் கடலில் ஒரு டன் கடற்பஞ்சை எடுத்தார்கள். கிடைத்தது சுமார் 300 மில்லிகிராம். கடலையே காலி செய்தாலும் மருந்து போதாது. கடைசியில் வேதியியலர்கள் அதன் ஒரு பகுதியைச் செயற்கையாகக் கட்டினார்கள். பூஞ்சை என்றால் ஒரு சிட்டிகை சேறு போதும். பிறகு தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம், கடலுக்கு மறுபடி போக வேண்டியதில்லை.

எண்ணூர் கழிமுகத்தில் தேடினால் என்ன? ப்ரோட்சுவும் சாக்கடை வாயில்தானே எடுத்தார்?

நல்ல கேள்வி. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்த இடத்தில் அனல்மின் நிலையங்களின் சூடான நீரும் சாம்பலும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெயும் சேர்ந்திருக்கின்றன. குளிர்ப்பூஞ்சை அங்கே கிடைக்காது. எண்ணெயைச் சிதைக்கும் பூஞ்சையும் உலோகத்தைத் தாங்கும் பூஞ்சையும் கிடைக்கலாம். அது தனி ஆய்வு, செய்ய வேண்டிய ஆய்வு. மாணவர்கள் கையுறை, காலணி இல்லாமல் அந்தச் சேற்றில் இறங்கக் கூடாது.

கருவாட்டில் பூஞ்சை பிடித்தால் துடைத்துவிட்டுச் சாப்பிடலாமா? அதிலும் மருந்து இருக்குமா?

வேண்டாம். தூக்கி எறியுங்கள். மருந்து செய்யும் அதே பூஞ்சைக் குலங்கள்தான் நஞ்சும் செய்கின்றன. சில ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைகள் சுரக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கும். சமைத்தாலும் முழுதாக அழியாது. பூஞ்சையை வீட்டில் வளர்த்துப் புண்ணில் தடவுவது, கஷாயம் வைப்பது எல்லாம் ஆபத்து.

கடலிலிருந்து எடுத்த பூஞ்சை யாருக்குச் சொந்தம்?

இந்தியக் கடல் எல்லைக்குள் எடுத்த உயிர்ப்பொருளுக்கு 2002-ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டம் பொருந்தும். வெளிநாட்டு நிறுவனங்கள் எடுத்துப் பயன்படுத்த தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமையகம் தரமணியில் இருக்கிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலுக்கு 2023-இல் தனி ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. இந்தியா 2024 செப்டம்பரில் அதில் கையெழுத்திட்டது.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இந்தத் துறைக்கு என்ன படிக்க வேண்டும்?

நுண்ணுயிரியலோ தாவரவியலோ படிக்கலாம். ஆனால் வேதியியலை விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பூஞ்சையை வளர்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அது சுரக்கும் மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறியத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துத் தாவரவியல் உயராய்வு மையத்துக்குப் பூஞ்சையியலில் நீண்ட மரபு இருக்கிறது. மீன்வளம் பிடித்திருந்தால் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடற்பாசிகளுக்குள் வாழும் பூஞ்சைகளைப் பற்றிச் சென்னையைச் சேர்ந்த டி.எஸ். சூரியநாராயணன் குழுவினர் செய்த ஆய்வுகளைப் படிக்கச் சொல்லுங்கள். நம் கரையிலேயே தொடங்க முடியும் என்பது புரியும்.

மீனவர்களால் இதில் ஏதாவது உதவ முடியுமா?

நிறைய முடியும். ஆழத்துக்கு இறக்கிய வலையிலோ தூண்டிலிலோ நீரில் ஊறிய மரத்துண்டோ கடற்பஞ்சோ மாட்டினால் உடனே கடலில் வீசிவிடாதீர்கள். ஆய்வகங்களோடு முன்பே பேசி வைத்திருந்தால், சுத்தமான புதிய பிளாஸ்டிக் பையில் கையால் தொடாமல் போட்டுக் கட்டி, மீனோடு சேராமல் தனியாக ஐஸில் வையுங்கள். ஐஸ் உருகிய நீர் பைக்குள் போகக் கூடாது. அதைவிட முக்கியம், படகிலுள்ள ஜி.பி.எஸ். காட்டும் இடம், ஆழம், தேதி, நேரம் நான்கையும் ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, அதைத் தனிப் பையில் வைத்து இதோடு கட்டிவிடுங்கள். பேனா மை நனைந்தால் கரைந்துவிடும். எந்த ஆழத்துக் குளிரில் அது வாழ்ந்தது என்று தெரிந்தால்தான் எத்தனை டிகிரியில் வளர்ப்பது என்று எங்களுக்குத் தெரியும். சீட்டு இல்லாமல் வரும் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள முடிவதில்லை.